முந்நூறு வருஷத்து வாசல்

பாலத்தைத் தாண்டினால் பல்கலைக்கழகம். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருபத்தாறு வீடுகள் கொண்ட ஒற்றைத் தெரு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தைக் கட்டுவதற்காகச் செங்கல் அறுத்துச் சூளை போட ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நேராக வெந்த கல்லெல்லாம் அங்கே போயிற்று. கோணிப்போனது, கருகிப்போனது, விரிசல் விட்டது எல்லாம் சூளைக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. வேலை முடிந்ததும் அந்த ஆட்களைப் பார்த்துப் போங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களாகவே அந்தக் கழிசல் கல்லை எடுத்து ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தெருவின் சரித்திரம் மொத்தமும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு இதுவரை ஒன்பது பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

வருஷா வருஷம் மாணவர்கள் கேள்வித்தாளோடு வந்து இறங்குவார்கள். வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெருக்காரர்களுக்கு மனசு வராது. அவர்களுடைய பெரிய குறையே அதுதான். யார் முகத்துக்கு நேராகவும் 'இல்லை' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. உங்கள் முன்னோர் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் முதல் வீட்டில் கப்பலில் வந்தோம் என்பார்கள். நாலாவது வீட்டில் நடந்தே வந்தோம் என்பார்கள். கடைசியில், இரண்டு பிரிவாக வந்தார்கள் என்று புத்தகத்தில் ஏறிவிட்டது. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பானாம். இங்கே கேட்டவர்கள் நன்றாகப் படித்தவர்கள். அதனால் வடிந்த நெய்யை அளந்து குறித்தும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் தெருவிலேயே கெட்டிக்காரி ஒன்பதாம் வீட்டு லைப்ரரிக்காரி. இருபத்திரண்டு வருஷமாகப் பல்கலைக்கழக நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிற வேலை. புத்தக வாசனையோடு வாழ்கிறவள் என்பதால் அவளுக்குப் பேச்சு சுத்தமாக வரும். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பக்கத்துக்குப் பதில் சொல்லுவாள். "உன் வாய்க்குத் தனியா ஒரு பட்டம் குடுக்கலாம்" என்பார் அவள் புருஷன். அவர் மாணவர் விடுதியில் பாய்லர் பார்க்கிறவர். ஆயிரம் பேர் காலையில் வெந்நீரில் குளிப்பது அவர் கையில் இருந்தது. அதனால் தெருவுக்கு அவர் பாய்லர்காரர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியை வந்தார். எப்போதும் கையில் கெட்டி அட்டை போட்ட நோட்டு இருந்ததால் தெரு அவருக்கு நோட்டு மேடம் என்று பெயர் வைத்தது. நல்ல பெண்மணி. எல்லார் வீட்டிலும் தரையில் உட்கார்ந்து பேசினார். லைப்ரரிக்காரி தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் இரட்டைக் கதவு, அகலமான வாசல். உங்க வீட்டு வாசல் மட்டும் ஏன் இவ்வளவு ஒடுக்கமா இருக்கு?"

உண்மையான பதில் லைப்ரரிக்காரிக்குத் தெரியும், கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே கேட்டுச் சிரித்த கதைதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவள் மாமனாரின் தம்பி ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். அவர் இருந்தது பக்கத்து வீட்டில். அங்கே இடமில்லை என்று தினமும் வண்டியை அண்ணன் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். தரையெல்லாம் எண்ணெய் ஒழுகும். மாமியார் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனாள். மாமனாருக்குத் தம்பியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியவில்லை. தம்பி வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவில் ஒரு பாதியைக் கழற்றிவிட்டு, பழைய சூளைக் குவியலிலிருந்தே கல் எடுத்து, சுண்ணாம்புச் சாந்து குழைத்து, வாசலில் பாதியை அடைத்துவிட்டார். மிஞ்சியது இருபத்திரண்டு அங்குலம். ஒன்பது வயது மகன் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தான். தம்பி பெண்டாட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். தம்பி திரும்பி வந்து, "என்னண்ணே இது?" என்று கேட்டதற்கு, "குளிர் வருதுடா" என்றாராம். கல் எடுத்துக் கொடுத்த பையன்தான் பின்னாளில் பாய்லர்காரர்.

தரையில் உட்கார்ந்து இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் ஸ்கூட்டர் கதையைச் சொல்வதா? லைப்ரரிக்காரிக்குக் கூச்சமாக இருந்தது. தேநீர் கொதித்து முடிவதற்குள் வேறொரு பதில் வாயில் வந்து நின்றது.

"இது கல் எண்ணறவரோட வீடு, மேடம். சூளையிலேர்ந்து வர்ற கல்லையெல்லாம் இந்த வாசல் வழியாத்தான் எடுத்துட்டு வருவாங்க. ஒரு சமயத்துல ஒரு ஆள்தான் நுழையணும், அப்பத்தான் எண்ண முடியும். அதுக்குன்னே ஒடுக்கமா வச்சது."

நோட்டு மேடத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! லைப்ரரிக்காரிக்கே ஒரு நிமிஷம் அது உண்மையாக இருக்கலாமே என்று தோன்றிவிட்டது.

புத்தகம் வந்தது. 'எண்ணிக்கை வாசல்' என்று ஒரு அத்தியாயம், முன்னால் வாசல் நிலையில் கை வைத்தபடி லைப்ரரிக்காரியின் படம். நூலகத்துக்கு வந்த மூன்று பிரதிகளையும் அவளே அலமாரியில் அடுக்கினாள். புத்தகத்தைப் படித்துவிட்டு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத வாசல் என்று பெரிய இடத்தில் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் தெரு பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இருபத்தாறு வீட்டுக்கும் கூரை மாற்றித் தருவதாக ஏற்பாடாயிற்று. நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்த வீட்டின் முகப்பிலும் கை வைக்கக் கூடாது. ஒரு வீட்டில் வைத்தால் தெரு முழுவதும் பட்டியலை விட்டுப் போகும். எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். லைப்ரரிக்காரியின் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன வருஷம் பாய்லர்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. வலி மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுதான் வாசலின் குணம் தெரிந்தது. உள்ளே நுழைந்தால் மூன்றடியில் குறுக்குச்சுவர். படுக்க வைத்த பலகை அந்த ஒடுக்கத்தில் திரும்பாது. பலகையோடு சேர்த்துக் கட்டி, பலகையை ஏறக்குறைய நிமிர்த்தி, கோணி மூட்டையைச் சாய்த்து இறக்குவது போல உள்ளே இறக்கினார்கள். அவர் அலறிய அலறல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தபோதும் அதே அலறல். "இனிமே என்னைத் தூக்காதீங்க. செத்தாலும் இங்கயே சாகறேன்" என்று சொல்லிவிட்டார்.

விடுதியில் பணம் சேர்த்து ஒரு சக்கர நாற்காலி அனுப்பினார்கள். அகலம் இருபத்தாறு அங்குலம். மடக்கி உள்ளே கொண்டுவர முடிந்தது; ஆளை உட்கார வைத்து வெளியே தள்ள முடியவில்லை. பின்பக்கம் வாசல் கிடையாது. அங்கே இருப்பது பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் மதில். ஜன்னல் என்று பேருக்கு ஒன்று, அதுவும் ஆளுயரத்துக்கு மேலே. பாய்லர்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசல்வரை வருவார். தெருவில் இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் தெரியும். யாராவது கடந்து போனால் ஒரு தோள், ஒரு பை, பிறகு ஒன்றும் இல்லை.

"ஒரு தடவை வெளிய உக்காரணும். பாய்லர் புகைக்கூண்டைப் பாக்கணும். புதுசா வந்தவன் ஒழுங்காப் பாத்துக்கறானான்னு புகையைப் பாத்தாலே சொல்லிடுவேன்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மருத்துவமனையில் கொடுத்த சீட்டிலும் நுரையீரல் கெடாமலிருக்கத் தினமும் வெளிக்காற்றில், வெயிலில் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

லைப்ரரிக்காரி கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அரை நாள் வேலை" என்றார். கடப்பாரையைச் சாய்த்து வைப்பதற்குள் எதிர்வீட்டு டிரைவர் ஓடி வந்தான். பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுகிறவன். பாய்லர்காரரை இரண்டு தடவையும் தூக்கியவன்.

"அக்கா, உங்க கால்ல விழறேன். பதிமூணு வீட்டுக்குத்தான் கூரை மாத்தியிருக்காங்க. எங்க வீட்டையும் சேத்துப் பதிமூணு பாக்கி. பொண்ணுக்கு மூச்சிரைப்பு. மழை வந்தா ராத்திரி பூரா அவளை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பப் போய் முகப்புல கை வச்சீங்கன்னா எல்லாம் போச்சு."

"உள்ள அவர் இருக்கற இருப்பைப் பாத்தியா நீ?"

"பாத்தேங்கா. அதுக்குத்தான் கால்ல விழறேங்கறேன். எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, சாய்ச்சுத் தூக்கிட்டுப் போறேன்."

கொத்தனார் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவரைத் தொட முடியாவிட்டால் பொய்யைத்தான் உடைக்க வேண்டும் என்று லைப்ரரிக்காரிக்குப் பட்டது. எண்ணிக்கை வாசல் இல்லை என்று ஆகிவிட்டால் இது வெறும் நாற்பது வருஷத்துச் சுவர். அதை எடுப்பதற்கு யார் தடை சொல்வார்கள்? அதற்காகத் தெரு பட்டியலை விட்டுப் போகவும் வேண்டியதில்லை. மற்ற வீடுகள் உண்மையிலேயே பழசுதானே? இரண்டு இரவு யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் உணவு இடைவேளையில் பாரம்பரியக் குழுவின் அலுவலகத்துக்குப் போனாள். குழுவின் தலைவி இப்போது நோட்டு மேடம்தான்.

"மேடம், அந்த வாசல் சமாச்சாரம். நான் உங்ககிட்ட சொன்னது பொய்."

நோட்டு மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எது பொய்?"

"எண்ணிக்கை வாசல்னு ஒண்ணும் கிடையாது. நீங்க கேட்டப்ப வாயில வந்ததைச் சொல்லிட்டேன். எங்க மாமனார் அடைச்சது அது. ஸ்கூட்டர் உள்ள வரக் கூடாதுன்னு."

திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். நோட்டு மேடம் திட்டவில்லை. எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க நிலைமையில நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்" என்றார். "எனக்குப் புரியுது. வாசலை அகலப்படுத்தணும், அதுக்காக நீங்க பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கவும் தயாரா இருக்கீங்க."

"ஐயோ, இப்ப சொல்றதுதான் மேடம் நிஜம்."

"சாந்தைச் சோதனைக்கு அனுப்பினோம். பழைய சுண்ணாம்பு. கல்லும் அதே சூளைக் கல்."

"குவிஞ்சு கிடந்த கல்லைத்தான் எடுத்தார். சிமெண்டு வாங்க எங்க மாமனார்கிட்டக் காசு ஏது?"

"பல்கலைக்கழகத்துப் பழைய ஏட்டுல 'வாசலில் எண்ணி வாங்கியது'ன்னு ஒரு வரி இருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா நீங்க சொன்னதோட அப்படியே பொருந்துது. உங்களுக்கே தெரியாம உங்க பரம்பரை ஞாபகம் பேசியிருக்கு."

வாய் கூசாமல் சொன்ன பொய்க்கு அத்தியாயம், அடிக்குறிப்பு, படம்; வெட்கத்தை விட்டுச் சொன்ன உண்மைக்கு ஒரு அனுதாபம். லைப்ரரிக்காரிக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"நேர்ல பாத்தவங்க யாராவது சொன்னா நான் குழுவுல வைக்கறேன்" என்றார் நோட்டு மேடம். "உங்க வீட்டுக்காரர் வேண்டாம். அவர் சம்பந்தப்பட்டவர்."

நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்திதான். ஸ்கூட்டர் தம்பியின் பெண்டாட்டி, லைப்ரரிக்காரிக்குச் சின்ன மாமியார். பத்தாம் வீட்டில் தனியாக இருந்தாள். விடுதிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்த கை. பேச்சிலும் அதே வெளுப்பு. லைப்ரரிக்காரி போய்க் கேட்டபோது, "இது ஒரு பெரிய விஷயமாடி? கண்ணால பாத்ததைச் சொல்றதுக்கு என்ன? வரச் சொல்லு" என்றாள். லைப்ரரிக்காரிக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. வீட்டுக்காரரிடமும் சொன்னாள். அவர் அன்று சவரம் செய்துவிடச் சொன்னார்.

அடுத்த வாரம் நோட்டு மேடம் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். ஒன்பதாம் வீட்டு வாசலுக்கு வெளியே சின்ன மாமியாருக்கு நாற்காலி போட்டார்கள். டிரைவரும் இன்னும் நாலைந்து பேரும் சுவரோரமாக நின்றார்கள். நோட்டு மேடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, இந்த வாசல் எப்பலேர்ந்து இப்படி இருக்கு? உங்களுக்கு என்ன தெரியுமோ சொல்லுங்க."

கிழவி நோட்டு மேடத்தைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். தன் வீட்டுக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் வந்த நாளிலேர்ந்து இப்படித்தாம்மா. இது கல் எண்ணறவர் வீடு. ஒரு ஆள்தான் நுழையணும். அப்பத்தான எண்ண முடியும்? அந்த மனுஷனுக்கு ஒரு கண்ணு வேற தெரியாதாம்."

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. இந்தக் கிளி ஒரு கண்ணையும் சேர்த்துச் சொன்னது. லைப்ரரிக்காரி தன் பொய்யைத் தன்னுடைய கையசைப்போடு இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான் கல் எடுத்துக் குடுத்தேன்! எனக்கு ஒம்பது வயசு! கையெல்லாம் சுண்ணாம்பு அரிச்சுது!"

நோட்டு மேடம் எழுந்து போய் வாசலில் குனிந்து, "எழுதிக்கறேன் சார்" என்றார். எழுதவும் செய்தார். குழுவில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு லைப்ரரிக்காரி சின்ன மாமியாரின் வீட்டுக்குள் போனாள். தரையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தது, எல்லாம் ஒழுகும் இடம்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணினீங்க? சொல்றேன்னுதான சொன்னீங்க?"

"நீ வந்து கேட்ட, உங்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அவ வந்து கேட்டா, அவகிட்ட எப்படிச் சொல்றது? அந்த டிரைவர் பையன் வேற குழந்தையைத் தூக்கிட்டு வந்து முந்தாநாள் முழுக்க இங்க உக்காந்துட்டுப் போனான்." கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் ஒருத்தி யாருக்குன்னுடி சொல்றது?"

லைப்ரரிக்காரி மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் கடப்பாரையை இரவல் வாங்கிவந்து தானே சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டு வாசலில் டிரைவரின் பெண், ஆறு வயசு இருக்கும், மார்பு ஏறி இறங்க நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. லைப்ரரிக்காரியால் இரண்டாவது தடவை கை ஓங்க முடியவில்லை. அவளும் அந்தத் தெருக்காரிதானே. கடப்பாரையைப் போட்டுவிட்டு உள்ளே வந்து புருஷனின் காலடியில் உட்கார்ந்தாள். அந்தக் கால்களுக்கு அவள் தொட்டது தெரியாது.

"விடு. ஒரு கல்லாவது ஆடிச்சா?" என்றார் பாய்லர்காரர்.

"இல்ல."

"ஆடாது. எடுத்துக் குடுத்தது யாரு?" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "எங்கப்பா தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியாம ஒரு சுவரையே வச்சுட்டார். நீ சொல்லிட்ட. அலுவலகத்துக்கே போய்ச் சொல்லிட்ட. நம்ம தெருவுல இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"சொல்லி என்ன ஆச்சு?"

அவர் வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குத் தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை.

நோட்டு மேடம் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒடுக்கமான நாற்காலி ஒன்று தனியாகச் செய்யச் சொல்லிக் குழுவுக்கு எழுதினார். மழைக்காலம் முடிந்து கூடும் கூட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழை முடியவில்லை. பாக்கிப் பதிமூன்று வீட்டுக்கும் ஓடு வந்து இறங்கியது, வேலை நடந்தது. தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம். டிரைவரின் பெண் இரவில் தூங்க ஆரம்பித்தாள். ஒன்பதாம் வீட்டுக்குள் ஈரம் சுவரில் ஏறியது. பாய்லர்காரரின் முதுகில் புண் வந்தது. சளி நெஞ்சில் கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வெளியில உக்கார வச்சீங்களா?" என்று கேட்டார். லைப்ரரிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அவள் இரண்டாம் மாடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் சீருடையோடு படியேறி வந்தான். நூலகத்துக்குள் அவன் வந்ததே கிடையாது. அவன் நின்ற நிற்பைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு, "எப்ப?" என்று கேட்டாள்.

வீட்டின் முன்னால் தெரு முழுக்கக் கூடியிருந்தது. நோட்டு மேடமும் குடையோடு வந்து ஓரமாக நின்றார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சவ வண்டியும் பெட்டியும் கொண்டுவந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"பெட்டி உள்ள திரும்பாதுங்க. சாய்ச்சு, நிமித்தித்தான் எடுக்கணும்" என்றான் ஒருவன்.

கூட்டம் முணுமுணுத்தது. சின்ன மாமியார் முன்னால் வந்தாள். முடி கலைந்திருந்தது.

"எங்க வீட்டுப் பிள்ளையை மூட்டையைச் சாய்க்கிற மாதிரி சாய்ச்சா கொண்டுபோவீங்க? கடைசியாப் போற போக்காவது கவுரவமாப் போக வேணாமா? டேய், கடப்பாரையை எடு. உடைடா சுவரை!"

டிரைவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். இன்னும் மூன்று பேர் கை கொடுத்தார்கள். பட்டியல் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு கூரையும் போட்டு முடிந்திருந்தது. சாவு வீட்டில் அதையெல்லாம் யார் பேசுவார்கள்? டிரைவர் நிலையோரமாகக் குத்தப் போனான்.

"அங்க இல்லடா" என்று கிழவி கையைப் பிடித்து நகர்த்தினாள். "அது பழைய சுவர். இந்தப் பக்கம் வா. கீழேர்ந்து நாலாவது வரி. இதோ, இங்கேர்ந்துதான் இவ மாமனார் வச்சது. அவசரத்துல இந்த மூலையில சாந்தே போடல மனுஷன். நான்தான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தேனே. இங்க குத்து, லேசா வந்துடும்."

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டாள். நோட்டு மேடம் குடையைத் தாழ்த்தினார். தெருவில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லைப்ரரிக்காரி மட்டும் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

டிரைவர் நாலாவது வரியில் கடப்பாரையை வைத்து நெம்பினான். கல் லேசாக வந்தது. அடுத்தது வந்தது. பிறகு கடப்பாரைகூட வேண்டியிருக்கவில்லை, கையாலேயே எடுத்தார்கள். ஆட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றித் தெருவோரம் அடுக்கினார்கள். "உடையாம எடுங்க, திரும்ப…" என்று ஆரம்பித்த நோட்டு மேடம் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி நின்று அழுதார்.

வாசல் அகலமாயிற்று. மழை சற்று விட்டிருந்ததால் உள்ளே குறுக்குச்சுவர்வரை வெளிச்சம் போயிற்று. பாய்லர்காரரை நேராக, படுத்தபடியே, நாலு பேர் இரண்டு பக்கமும் நின்று தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் தெருவுக்கு வந்தார்.

லைப்ரரிக்காரி டிரைவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் கையெல்லாம் சுண்ணாம்பு.

"எவ்வளவு நேரம் ஆச்சுடா?"

"எதுக்குக்கா?"

"சுவரை எடுக்க."

அவன் வாய் குழறியது. "கால்… கால் மணி நேரம் இருக்கும்க்கா."

"கால் மணி நேரம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து இன்னொரு தடவை, உரக்க, "கால் மணி நேரந்தான்!" என்றாள். அப்புறம்தான் தெருவில் அப்படியே உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை அழுதாள்.